டிஸ்க்கை மாற்றியும் சிஆர்சி எரர் நிற்கவில்லை: கேபிளா, கன்ட்ரோலரா, பவரா?

அச்சக சர்வர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். டிசைன் ஃபைல், பிளேட் அவுட்புட் எல்லாமே ஒரே ஸ்டோரேஜ் சர்வரில்தான் இருக்கின்றன. காலண்டர் ஆர்டர்கள் குவிகிற நேரம், அதனால் கொஞ்சம் பதற்றமாகவே எழுதுகிறேன்.

சர்வர் விவரம்: டவர் கேஸ், ஈசிசி (பிழை திருத்தும்) ரேம், இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். 4 டிபி சாட்டா டிஸ்க் எட்டு, ரெய்டு-இசட்2 என்ற ஒரே தொகுப்பாக. டிஸ்க் எல்லாம் 2008 என்ற எண்ணுள்ள சிப் கொண்ட ஒரு எச்பிஏ கார்டில் (டிஸ்க்குகளை இணைக்கும் கன்ட்ரோலர்) இருக்கின்றன, ஐடி மோட், அதாவது கார்டு ரெய்டு செய்யாமல் டிஸ்க்கை அப்படியே காட்டும். கார்டில் இரண்டு எஸ்எஃப்எஃப்-8087 போர்ட், ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு சாட்டா தலையாகப் பிரிகிற கேபிள்.

போன வாரம் ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஓடும்போது ஒரு டிஸ்க் ஃபால்ட்டட் (பழுது) ஆனது. வாங்கிய கடையில் கேட்டால் டிஸ்க் போய்விட்டது, மாற்றுங்கள் என்றார்கள். புது டிஸ்க் போட்டு ரீசில்வர் (மற்ற டிஸ்க்குகளைக் கொண்டு தரவை அதில் மீட்டெழுதுவது) விட்டேன். பாதி ஓடியதும் புது டிஸ்க்கிலேயே ரைட் எரர், பக்கத்து டிஸ்க்கில் ரீட் எரர். கர்னல் லாகில் ‘லாக்_இன்ஃபோ 31080000, ஆரிஜினேட்டர் பிஎல், கோட் 08’ என்று வரிசையாக வருகிறது. நடுநடுவே ‘பவர்-ஆன் ஆர் டிவைஸ் ரீசெட் அக்கர்ட்’ என்றும் வருகிறது. இன்னொரு டிஸ்க் வாங்கலாமா, இல்லை கார்டையே மாற்றலாமா?

வட்டு வாசகி

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், எதையும் கழற்றாதீர்கள். ரெய்டு-இசட்2 இரண்டு டிஸ்க் போனால் தாங்கும். உங்களுக்கு ஒன்று பாதி ரீசில்வரில் நிற்கிறது, இன்னொன்று தடுமாறுகிறது. மூன்றாவதும் இறங்கினால் பூல் (எட்டு டிஸ்க்கும் சேர்ந்த தொகுப்பு) சஸ்பெண்ட் ஆகிவிடும். முதலில் வேலையில் இருக்கிற ஃபைல்களை வெளி டிஸ்க்கிலோ வேறு கணினியிலோ நகல் எடுத்துவிடுங்கள். முழுவதும் முடியாவிட்டால் இந்த சீசனுக்கு வேண்டியதை மட்டுமாவது எடுங்கள்.

நகல் எடுத்த பிறகு எட்டு டிஸ்க்குக்கும் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) எடுத்துப் போடுங்கள். கழற்றி வைத்த பழைய டிஸ்க்கை வேறு கணினியில் செருகி அதையும் எடுங்கள். எனக்கு வேண்டியது 5, 12, 197, 198, 199 என்ற வரிசைகளின் ரா மதிப்பு (நேரடி எண்ணிக்கை) மட்டும். எந்த டிஸ்க் எந்த கேபிளில், எந்தப் பவர் வயரில் இருக்கிறது என்றும் எழுதுங்கள். அடையாளத்துக்கு லினக்ஸ் தருகிற எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் வேண்டாம். ரீபூட் ஆனால் அவை மாறிவிடும். டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு எழுத்து போதும்.

அச்சக சர்வர்

நன்றி அக்கா. நகல் எடுத்தாயிற்று. முதல் கேபிளில் 1 முதல் 4, இரண்டாவதில் 5 முதல் 8 என்று வைத்துக்கொள்கிறேன்.

5, 197, 198 மூன்றும் எல்லா டிஸ்க்கிலும் 0. கழற்றிய பழைய டிஸ்க்கிலும் 0 தான்.

199 மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. பழைய டிஸ்க்கில் 1846. அதே இடத்தில் போட்ட புது டிஸ்க்கில் இப்போதே 212. பக்கத்து டிஸ்க்கில் 97. முதல் கேபிளின் மற்ற இரண்டில் 31, 8. இரண்டாவது கேபிளில் மூன்று டிஸ்க்கில் 0, ஒன்றில் மட்டும் 3.

12ஆம் வரிசையைக் குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் அதில் என்ன பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை.

வட்டு வாசகி

அந்தப் பழைய டிஸ்க்கைத் தூக்கி எறியாதீர்கள். அது அனேகமாக நல்ல டிஸ்க்.

5 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்களின் (தரவு எழுதும் சிறு பகுதிகள்) எண்ணிக்கை. 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 என்பது சோதனையில் படிக்கவே முடியாமல் போனவை. டிஸ்க்குக்குள் தரவு எழுதப்படும் தட்டு தேய்ந்தாலோ அதைப் படிக்கும் ஹெட் கெட்டாலோ இந்த மூன்றில் ஒன்றாவது ஏறியிருக்கும். உங்களிடம் மூன்றும் சுத்தம்.

199 வேறு வகை. கன்ட்ரோலருக்கும் டிஸ்க்குக்கும் இடையே சாட்டாவில் தரவு ஃபிரேம் என்ற சிறு சிறு கட்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு ஃபிரேமின் முடிவிலும் 32 பிட் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் இருக்கும். வாங்குகிற பக்கம் தானும் கணக்குப் போட்டுப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் ‘இது தப்பு’ என்று திருப்பிச் சொல்லும், அந்தக் கட்டளை மறுபடி போகும். அப்படி ஒத்துவராத ஒவ்வொரு முறையும் 199 ஒன்று ஏறும். அதாவது தரவு தட்டுக்குப் போகும் முன்பே வழியில் சிதைந்திருக்கிறது. கேபிள், கனெக்டர், போர்ட், சில சமயம் பவர், இவைதான் காரணமாக இருக்கும். டிஸ்க்கின் அடியில் இருக்கிற சர்க்யூட் போர்டிலும் கோளாறு இருக்கலாம், ஆனால் அது அபூர்வம். ஒரே இடத்தில் போட்ட இரண்டு டிஸ்க்கிலும் அது இருக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

199 ஒருபோதும் குறையாது. கேபிளை மாற்றினாலும், டிஸ்க்கை அழித்து ஃபார்மட் செய்தாலும் அந்த 1846 அப்படியேதான் இருக்கும். இன்றைய எண்ணை எழுதி வையுங்கள். நாளைக்கு அது ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஐந்தாறு வருஷம் ஓடிய டிஸ்க்கில் 3 இருக்கிறது என்று யாரும் பயப்பட வேண்டாம்.

கோவை ரேக்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். புது டிஸ்க்கும் பெட்டியிலிருந்தே பழுதாக வரும், நான் பார்த்திருக்கிறேன். அதோடு இவை டெஸ்க்டாப் வகை டிஸ்க்கா, நாஸ் (நெட்வொர்க் சேமிப்பகத்துக்கான) வகையா? டெஸ்க்டாப் டிஸ்க் என்றால் ஒரு செக்டரைப் படிக்க நிமிடக் கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் 30 நொடிதான் பொறுக்கும், அப்புறம் ரீசெட் அடிக்கும். நாஸ் டிஸ்க்குகளில் 7 நொடியில் கைவிட்டுவிடும்படி அமைத்திருப்பார்கள். ரீசெட்டுக்கு அதுகூடக் காரணமாக இருக்கலாமே?

வட்டு வாசகி

நல்ல கேள்வி, விலக்கிவிட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கதையில் டைம்அவுட் வரும், 197 ஏறும், சிஆர்சி ஏறாது. படிக்க முடியாத செக்டரே இல்லாதபோது டிஸ்க் எதற்காக மல்லுக்கட்ட வேண்டும்? இருந்தாலும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் எஸ்சிடி ஈஆர்சி (எவ்வளவு நேரத்தில் கைவிட வேண்டும் என்ற) அமைப்பு என்னவென்று ஒருமுறை பாருங்கள். 70, 70 என்று இருந்தால் அது 7 நொடி. இல்லாவிட்டால் அப்படி அமைத்துக்கொள்ளலாம். பல டிஸ்க்குகளில் பவர் போனால் அந்த அமைப்பு மறந்துவிடும், அதனால் பூட் ஸ்கிரிப்டில் போட்டுவிட வேண்டும்.

அச்சக சர்வர், இனி இடம் மாற்றிப் பார்க்கிற சோதனை. சர்வரை முறையாக நிறுத்தி, பவர் கார்டையும் உருவிவிடுங்கள். கார்டு பக்கத்தில் மட்டும் இரண்டு 8087 பிளக்கையும் மாற்றிச் செருகுங்கள். டிஸ்க் பக்கம் கை வைக்க வேண்டாம். இப்போது 1 முதல் 4 வரை அதே கேபிளோடு இன்னொரு போர்ட்டுக்குப் போய்விடும். இசட்எஃப்எஸ் டிஸ்க்கை அதன் மேலே எழுதிய லேபிளைக் கொண்டு அடையாளம் காண்கிறது, போர்ட் மாறினால் அதற்குக் கவலை இல்லை.

பிறகு ரீசில்வரைத் தொடர விடுங்கள். எரர் இப்போது 5 முதல் 8 வரை உள்ளவற்றில் ஏறினால் கார்டின் போர்ட் மேல் சந்தேகம். இன்னமும் 1 முதல் 4 வரையே ஏறினால் கார்டு தப்பித்தது. கேபிளையோ அந்த டிஸ்க்குகளின் பவரையோ பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிள், கார்டு, ஃபர்ம்வேர் (கார்டுக்குள் இருக்கும் மென்பொருள்) மூன்றையும் ஒரே மாலையில் மாற்றினால் எரர் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது, மறுபடி வரும்போது கையில் ஒரு துப்பும் இருக்காது.

அச்சக சர்வர்

மாற்றிப் பார்த்தேன். எரர் 1 முதல் 4 வரையேதான் ஏறுகிறது. புது டிஸ்க்கில் 212 இருந்தது 260 தாண்டிவிட்டது. 5 முதல் 8 வரை அசையவில்லை.

மூடியைத் திறந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முதல் கேபிளை கேஸின் பின்பக்கத் தகடுக்கும் டிஸ்க் கூண்டுக்கும் நடுவே மடித்துத் திணித்திருக்கிறார்கள். டிஸ்க்கில் செருகுகிற இடத்திலேயே கிட்டத்தட்ட செங்குத்தாக மடிந்திருக்கிறது. பவர் வயரோடு சேர்த்து டை போட்டு இறுக்கக் கட்டியும் இருக்கிறார்கள். 1ஆம் தலையின் கிளிப் உடைந்திருக்கிறது, தொட்டால் ஆடுகிறது.

வட்டு வாசகி

அந்தக் கேபிளை மாற்றுங்கள். வயரிங் செய்தவர் அழகாக இருக்க வேண்டும் என்று கட்டியிருப்பார், ஆனால் 6 ஜிகாபிட் வேகத்தில் போகிற சிக்னலுக்கு அந்தக் கட்டு ஆகாது. உள்ளே ஜோடி ஜோடியாக மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. இறுக்கினால் அவற்றின் இடைவெளி மாறும், மடித்தால் கவசம் கிழியும். ஒரு கேபிளின் சிக்னல் பக்கத்துக் கேபிளில் கசியும். சாட்டா டிஸ்க்குக்கு மொத்த நீளம் ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. அரை மீட்டர் போதும் என்றால் அரை மீட்டரே வாங்குங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கேஸுக்குள் இருக்கிற சாதாரண சாட்டா கேபிளின் கனெக்டர் 50 தடவை செருகி எடுக்கத்தான் வடிவமைக்கப்பட்டது. ஹாட்-ஸ்வாப் பேக்பிளேனில் (ஓடும்போதே டிஸ்க்கைச் செருகி எடுக்கும் பலகை) இருக்கிற கனெக்டருக்கு 500. சோதனைக்காக அடிக்கடி கழற்றி மாட்டிய பழைய கேபிளை நல்ல சர்வரில் போடவே கூடாது.

சிங்கை சேமிப்பகம்

சிங்கப்பூரில் டேட்டா சென்டர் வேலை, பெரும்பாலும் சாஸ் (சர்வர்களுக்கான இணைப்பு வகை) டிஸ்க்கும், ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் எக்ஸ்பேண்டரும்தான். புதுக் கேபிள் போட்டதும் 199 ஏறுகிறதா என்று நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. கர்னலே கார்டின் ஒவ்வொரு ஃபைக்கும் (ஒரு சிக்னல் பாதையின் கார்டு பக்க முனை) தனியாகக் கணக்கு வைத்திருக்கிறது. சிஸ் டைரக்டரியில், கிளாஸ் என்பதன் கீழ் சாஸ்_ஃபை என்று இருக்கும். ஒவ்வொன்றிலும் நான்கு எண்: செல்லாத டிவேர்ட் (4 பைட் துண்டு), ரன்னிங் டிஸ்பேரிட்டி எரர் (0, 1 சமநிலை தவறியது), டிவேர்ட் ஒத்திசைவு இழந்தது, ஃபை ரீசெட் சிக்கல்.

சாட்டாவும் சாஸும் இந்த வேகத்தில் 8 பிட்டை 10 பிட்டாக மாற்றி அனுப்புகின்றன. 10 பிட்டில் சாத்தியமான எல்லாக் கோர்வையும் செல்லுபடியாகாது. செல்லாத ஒன்று வந்தால் வழியில் ஏதோ புகுந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். சிஆர்சி வரை போகாமல் போகிற சின்னச் சின்னக் கோளாறும் இங்கே பிடிபடும். பூட் ஆகும்போதும் டிஸ்க்கைச் செருகும்போதும் இந்த எண்கள் கொஞ்சம் ஏறுவது இயல்பு. அதனால் பூட் ஆனதும் ஒரு நகல் எடுத்து வைத்து, ஸ்க்ரப் ஓடிய பிறகு எடுத்ததோடு ஒப்பிடுங்கள். ஒரு கேபிளில் நான்கு ஃபை. ஒன்று மட்டும் ஏறினால் அந்தத் தலையில் கோளாறு. நான்கும் ஏறினால் கார்டு பக்கத்துப் பிளக் சரியாக உட்காரவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். 8087 பிளக் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்க வேண்டும்.

லிங்க் வேகத்தையும் பாருங்கள். 6 ஜிகாபிட்டில் இருக்க வேண்டிய டிஸ்க் 3 அல்லது 1.5இல் இருந்தால் அது தற்செயல் இல்லை. மதர்போர்டு போர்ட்டில் இருக்கிற டிஸ்க் என்றால், எரர் தொடர்ந்து வரும்போது கர்னல் தானாகவே வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், லாகிலும் எழுதும்.

அச்சக சர்வர்

புதுக் கேபிள் போட்டு, டை எதுவும் கட்டாமல் தளர்வாக விட்டேன். 199 எந்த டிஸ்க்கிலும் ஏறவில்லை. ஃபை எண்களும் பூட் ஆன கணத்தில் இருந்தபடியே நிற்கின்றன. ரீசில்வர் முடிந்தது.

ஆனால் ஸ்க்ரப் விட்டபோது பக்கத்து டிஸ்க்கில் மறுபடியும் ‘பவர்-ஆன் ஆர் டிவைஸ் ரீசெட்’ என்று வந்தது. அந்த டிஸ்க்கில் சில செக்சம் எரரும் (சேமித்த சரிபார்ப்பு எண் ஒத்துவராதது) வந்திருக்கின்றன. சிஆர்சி இல்லாமல் இது எப்படி?

வட்டு வாசகி

இப்போது 12ஐப் பார்க்கலாம். அதற்காகத்தான் அப்போதே கேட்டேன். 12 என்பது டிஸ்க்குக்கு எத்தனை முறை பவர் வந்தது என்ற எண்ணிக்கை. நீங்கள் சர்வரை நிறுத்தாமலே அந்த டிஸ்க்கில் மட்டும் 12 ஏறியிருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குப் பவர் போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். 192 என்ற வரிசை உங்கள் டிஸ்க்கில் இருந்தால் அதுவும் கூடவே ஏறியிருக்கும். அது பவர் போனதால் ஹெட்டை அவசரமாக ஒதுக்கிய எண்ணிக்கை.

செக்சம் எரருக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். டிஸ்க் தன் கேஷில் வாங்கி வைத்த தரவைத் தட்டில் எழுதும் முன்பே பவர் போனால் அந்தத் தரவு காணாமல் போகும். டிஸ்க் உடனே எழுந்து, அடுத்து வருகிற ஃப்ளஷ் கட்டளைக்கு ‘எழுதியாயிற்று’ என்று சொல்லிவிடும். பிறகு ஸ்க்ரப்பில் அந்த இடத்தைப் படிக்கும்போது செக்சம் ஒத்துவராது. இசட்எஃப்எஸ் என்பதால் மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்கிறது. செக்சம் இல்லாத ஃபைல் சிஸ்டம் என்றால் ஒரு பிளேட் ஃபைல் கெட்டது அச்சில் ஏறிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

அந்த நான்கு டிஸ்க்குக்கும் பவர் எங்கிருந்து வருகிறது?

அச்சக சர்வர்

12 ஏறியிருக்கிறது அக்கா. புதுக் கேபிள் போட்டதிலிருந்து சர்வரை நான் நிறுத்தவே இல்லை.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பவர் சப்ளை) வருகிற ஒரே ஒரு சாட்டா பவர் கனெக்டரில் ஸ்ப்ளிட்டர் போட்டு ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். 1 முதல் 4 வரை அதில்தான் இருக்கின்றன, ஐந்தாவதில் கேஸ் ஃபேன். பக்கத்து டிஸ்க்கின் பிளக்கை உருவினால் ஓரத்தில் பழுப்பேறியிருக்கிறது.

வட்டு வாசகி

உடனே நிறுத்துங்கள். அந்தப் பழுப்பு சூட்டினால் வந்தது.

கணக்கு எளிது. சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆக 4.5 ஆம்பியர்தான் தாங்கும். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். நான்கு டிஸ்க் ஒன்றாக எழுந்தால் 8 ஆம்பியர். சுழன்ற பிறகு குறைந்துவிடும், அதனால்தான் இவ்வளவு நாள் ஓடியிருக்கிறது. ஸ்க்ரப்பில் எல்லா ஹெட்டும் ஒன்றாக ஆடும்போது மறுபடி இழுவை கூடும். தளர்ந்த பின்னில் வோல்ட்டேஜ் இறங்கும், டிஸ்க் ரீசெட் ஆகும். ஒரு மெலிந்த குழாயில் நாலு வீட்டுக்குத் தண்ணீர் விட்ட கதைதான்.

பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த ஸ்ப்ளிட்டர்களை எங்கேயும் போடாதீர்கள். உள்ளே கம்பிகள் நெருக்கமாக இருக்கும், சூட்டில் பிளாஸ்டிக் இளகினால் ஒன்றோடு ஒன்று தொட்டுத் தீப்பிடிக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வருகிற வயர்களில் டிஸ்க்கைப் பிரித்து மாட்டுங்கள். தலை போதவில்லை என்றால், உங்கள் எஸ்எம்பிஎஸ் மாடலுக்கென்றே வந்த கூடுதல் கேபிளை வாங்குங்கள். மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு மாடலின் கேபிளை இன்னொன்றில் போட்டால் பின் வரிசை மாறி டிஸ்க் எல்லாம் எரிந்துவிடும்.

முதலில் வந்த சிஆர்சியில் எவ்வளவு கேபிளால், எவ்வளவு பவரால் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. வோல்ட்டேஜ் தள்ளாடினாலும் சிஆர்சி ஏறும். கேபிள் மாற்றியதும் நின்றது என்பதால் பெரும்பங்கு கேபிளுடையது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நெல்லை லினக்ஸ்

பவரைச் சரிசெய்யும்போதே எச்பிஏ கார்டின் சூட்டையும் பார்த்துவிடுங்கள். இந்தக் கார்டுகள் ரேக் சர்வரில் எப்போதும் வேகமாகக் காற்று அடிக்கிற இடத்துக்காகச் செய்யப்பட்டவை. கார்டில் ஃபேன் கிடையாது, ஒரு சின்ன ஹீட்சிங்க் மட்டும்தான். அமைதியான டவர் கேஸில் போட்டால் அதன் மேல் காற்றே படாது. சிவகாசி வெயிலில் ஏசி இல்லாத நேரம் ஹீட்சிங்க்கில் விரல் வைக்க முடியாது. சூடு ஏறினால் கார்டே ரீசெட் ஆகி எட்டு டிஸ்க்கும் ஒரே நொடியில் காணாமல் போகும். ஒன்றிரண்டு டிஸ்க் மட்டும் போவது கேபிள், பவர் பக்கம். மொத்தமும் ஒன்றாகப் போனால் கார்டு பக்கம்.

ஒரு 40 மிமீ ஃபேனை ஹீட்சிங்க்கின் மேல் மாட்டினால் போதும். பழைய கார்டு என்றால் ஹீட்சிங்க்கைக் கழற்றிக் காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவலாம். காகிதத் தூசி அடைந்திருக்கும், ஊதிவிடுங்கள். ஃபர்ம்வேரும் முக்கியம். 2008 சிப்புக்கு 20 வரிசையில் 20.00.07.00 இருக்கிறதா பாருங்கள். அதே வரிசையின் முதல் வெளியீடான 20.00.00.00 வேண்டாம்.

கோவை ரேக்

நான் முதலில் டிஸ்க்கைச் சந்தேகப்பட்டேன், இந்த 12, 199 கணக்கைப் பார்த்த பிறகு ஒப்புக்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஹார்டுவேர் ரெய்டு கார்டு. அதில் இப்படிப் பிரித்துப் பார்க்க முடியுமா?

சிங்கை சேமிப்பகம்

முடியும். மெகாரெய்டு வகைக் கார்டு என்றால் ஸ்டோர்சிஎல்ஐ கட்டளையில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மீடியா எரர், அதர் எரர், ப்ரிடிக்டிவ் ஃபெயிலியர் என்று மூன்று எண்கள் வரும். மீடியா எரர் ஏறினால் தட்டு. அதர் எரர் மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள், பேக்பிளேன், பவர். பேக்பிளேன் உள்ள சர்வரில் டிஸ்க்கை இன்னொரு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பார்ப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை: அரே (டிஸ்க் தொகுப்பு) டீகிரேடட் ஆக, அதாவது டிஸ்க் குறைந்து இருக்கும்போது நல்ல டிஸ்க்கை உருவாதீர்கள். ரீபில்ட் முடிந்து, பேக்கப்பும் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். லிங்க் கோளாறு இருக்கும்போது ரீபில்ட் விடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்து. எல்லா டிஸ்க்கையும் முழுவேகத்தில் படிக்கிற வேலை அது, பலவீனமான இடம் அப்போதுதான் விட்டுப்போகும்.

அச்சக சர்வர்

டிஸ்க்குகளை எஸ்எம்பிஎஸ்ஸின் இரண்டு தனி வயர்களில் பிரித்து மாட்டினேன். கார்டு மேல் ஃபேன் வைத்தேன். ஃபர்ம்வேர் 20.00.07.00 தான் இருந்தது, தொடவில்லை. ஸ்க்ரப் முழுதாக ஓடி, கொஞ்சம் சரிசெய்து, கெட்ட ஃபைல் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. இசட்பூல் கிளியர் கொடுத்து எரர் கணக்கை அழித்துவிட்டு இன்னொரு ஸ்க்ரப் விட்டேன். ரீட், ரைட், செக்சம் மூன்று பத்தியிலும் பூஜ்யம். 12, 199 இரண்டும் அசையவில்லை.

பழைய டிஸ்க்கில் லாங் டெஸ்ட் ஓடி முடிந்தது, பிழை எதுவும் இல்லை. அதன் மேலே ஒரு ஸ்டிக்கரில் ‘199: 1846’ என்று தேதியோடு எழுதி ஸ்பேராக வைத்திருக்கிறேன். எட்டு டிஸ்க்கின் எண்களையும் தினம் ஒருமுறை எடுத்து முந்தைய நாளோடு ஒப்பிட்டு, ஏறியிருந்தால் மெயில் அனுப்பும்படி க்ரான் போட்டுவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒரு கேள்வி: ஸ்பேராக ஒரு கேபிள் வாங்கலாம் என்று போனேன், கடையில் ஃபார்வர்டா ரிவர்ஸா என்று கேட்டார்கள்.

நெல்லை லினக்ஸ்

உங்களுக்கு ஃபார்வர்டு. கார்டில் 8087, டிஸ்க் பக்கம் நான்கு சாட்டா. ரிவர்ஸ் என்பது மதர்போர்டின் நான்கு சாட்டா போர்ட்டிலிருந்து பேக்பிளேனின் 8087க்குப் போவது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வயரிங் வேறு. மாற்றிப் போட்டால் எதுவும் எரியாது, டிஸ்க் கண்ணில் படாது, அவ்வளவுதான். வாங்கியதும் கேபிளிலேயே எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள்.